முன்னால் நில்

நாற்பதாவது நாள் மாலை ஐந்து மணிக்குள் சென்னியப்பன் பன்னிரண்டாம் நிலைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் மீள்வாழ்வுத் திட்டத்தின் குழு அவனை 'மீளக்கூடியவர்' பட்டியலிலிருந்து எடுத்துவிடும். எடுத்துவிட்டால், மூச்சு இயந்திரத்தை நிறுத்தும் படிவத்தில் அவன் மனைவி கையெழுத்துப் போட வேண்டும். கோகிலவாணிக்கு இதை முதல் நாளே சொல்லிவிட்டார்கள். இருபத்தொன்பதாவது நாள் காலையில் அவன் ஐந்தாம் நிலையில் இருந்தான்.

மூன்றாம் மாடியில் பதினான்காம் படுக்கை அவனுடையது. கண் திறப்பதில்லை. விரல் அசைவதில்லை. அவன் மண்டைக்குள் முடியைவிட மெல்லிய இழைகளைப் பதித்து, அவற்றை ஒரு கையடக்க விளையாட்டுப் பெட்டியோடு இணைத்திருந்தார்கள். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். நான்கு திசைப் பொத்தான், இரண்டு வட்டப் பொத்தான், சாம்பலும் பச்சையும் கலந்த ஒரு சின்னத் திரை. திரையில் சதுரம் சதுரமாகச் செய்த இரண்டு உருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. முன்னால் நடப்பது கோகிலவாணி. பின்னால் நடப்பது சென்னியப்பன்.

அறைக்கு வெளியே நீண்ட நடைகூடத்தில் பதினாறு குடும்பங்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் ஒரு பெட்டி.

இரண்டாம் வாரம் பெட்டியைக் கொடுத்த அன்று, அதைச் செய்த பொறியாளர்களில் ஒருத்தியான யாழினி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினாள். இருபத்தாறு வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஆறிப்போன காபி. இந்தக் காலத்தில் போய் ஏன் இவ்வளவு பழைய மாதிரி ஒரு விளையாட்டு என்று கோகிலவாணி கேட்டாள். சென்னியப்பன் சொந்தமாக வைத்திருந்த விளையாட்டுப் பெட்டிகூடக் கலரில்தான் இருந்தது. ஆனால் அவனும் பழைய மாதிரி விளையாட்டுகளைத்தான் தேடித்தேடி வாங்குவான். சாப்பாட்டு இடைவேளையில், தான் வேலை பார்த்த, நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில்லில் நூல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து விளையாடுவான். வழி காட்டாது, செத்தால் செத்ததுதான், அதுதான் நன்றாக இருக்கிறது என்பான்.

"அதனாலதான்க்கா அவருக்கு இது சீக்கிரம் புடிபட்டுச்சு," என்றாள் யாழினி. "இப்ப வர்ற கேம் எல்லாம் நிக்காம ஓடும். ஒரு செகண்ட் யோசிச்சா அடி விழுந்துடும். இவரால ஒரு முடிவு எடுக்கவே முக்கா நிமிஷம் ஆகுது. பழைய கேம்ல எதிரி காத்துக்கிட்டு நிக்கும். நம்ம முறை, அப்புறம் அதோட முறை. அவருக்கு அந்த அவகாசம் வேணும்."

மற்றவற்றையும் அப்படியே விளக்கினாள். இழைகளால் அதிகம் சுமக்க முடியாது, அதனால் நான்கே நிறம், நான்கே கட்டளை: அடி, முன்னால் நில், மருந்து கொடு, ஓடு. எதிரி எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரிந்தால் அடிபட்ட மூளை அசந்துவிடும், அதனால் நடக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் வரும். நினைத்த இடத்தில் சேமிக்க முடியாது, ஊர்ச் சத்திரத்துக்குப் போய்ப் படுத்தால்தான் சேமிப்பு. ஏனென்றால் சேமிப்பது பெட்டி அல்ல. அவன் உண்மையிலேயே தூங்கினால்தான் அன்றைய நாள் அவன் மூளையில் தங்கும். சேமிக்கும் இடமும் ஒன்றே ஒன்றுதான்.

"வேற வேற இடத்துல சேமிக்க அவருக்கு ஒரே ஒரு மண்டைதானே இருக்கு," என்று சிரிக்கப் பார்த்தாள் யாழினி. கோகிலவாணி சிரிக்கவில்லை. யாழினி காபியை எடுத்துக் குடித்தாள்.

கடைசியாக, பட்டியலின் அடியில் 'பிரி' என்று ஒன்று இருப்பதைக் காட்டி, அதை அழுத்திவிட வேண்டாம் என்றாள். முதல் வாரம் கோகிலவாணியின் குரலைக் காது வழியாக இல்லாமல் நேரே உள்ளே செலுத்தி, 'பக்கத்தில் இருப்பது இவள்' என்று அவன் மூளைக்குக் காட்டிய இழை ஒன்றுண்டு. அவள் பிரிந்து, அவன் ஒருமுறை தூங்கி எழுந்தால் அந்த இழை செத்துவிடும். மறுபடி சேர்க்க வேண்டுமானால் மண்டையைத் திறக்க வேண்டும். இன்னொரு முறை திறந்தால் அவன் தாங்கமாட்டான்.

வரைபடம் கிடையாது என்பது ஒன்றுதான் கோகிலவாணிக்குச் சுலபமாக இருந்தது. சென்னிமலையில் போர்வைக்குப் பூ வரைகிறவள் அவள். கட்டம் போட்ட தாளில் எந்தக் கட்டத்தில் நூல் மேலே வரும், எந்தக் கட்டத்தில் கீழே போகும் என்று புள்ளி வைத்துக் கொடுப்பாள். அதே தாளில் விளையாட்டின் ஊர், கிணறு, மதில், சத்திரம், காடு என்று கட்டம் கட்டமாகப் போட்டுவிட்டாள். நடைகூடம் முழுக்க அந்தத் தாளைத்தான் நகல் எடுத்து வைத்திருந்தது.

ஆனால் நிலை ஏறவில்லை. எதிரியைக் கொன்றால்தான் புள்ளி. சென்னியப்பன் அடிக்கமாட்டேன் என்றான். வௌவால் வரும். அவள் 'அடி' கொடுப்பாள். பின்னாலிருக்கும் உருவம் அசையாது. அரை நிமிஷம், முக்கால் நிமிஷம் ஓடும். பிறகு அது ஒரு கட்டம் நகர்ந்து அவளுக்கு முன்னால் வந்து நிற்கும். 'சென்னியப்பன் முன்னால் நின்றான்' என்று எழுத்து வரும். வௌவால் அவனைக் கடிக்கும். அடுத்த முறையும் அதேதான். ஒரு வௌவாலைக் கொல்லக் கால் மணி நேரம் ஆனது.

"அவருக்கு அடிக்கவே தெரியலீங்க பாய்," என்றாள் பக்கத்து நாற்காலியிலிருந்த ரபீக்கிடம். "வீட்டுல வெளையாடறப்ப என்னமா அடிப்பாரு. இப்ப மறந்துட்டாராட்டம் இருக்குது."

ரபீக் கரூர் வழித்தடத்தில் நடத்துநர். அவர் மனைவி ஷமீமா மாடிப்படியில் விழுந்து ஏழு மாதமாக ஒன்பதாம் படுக்கையில் கிடந்தாள். நான்கு முறை நீட்டிப்பு வாங்கி, முப்பத்தோராம் நிலையில் இருந்தாள். நடைகூடத்தில் அதுதான் உயர்ந்த நிலை. அதனால் எல்லாரும் அவரிடம் வந்து கேட்பார்கள், அவரும் அலுக்காமல் சொல்வார். திரையில் தன் உருவத்துக்குத் தொப்பிக்குப் பதிலாகக் கொம்பு வைத்துவிட்டார்கள் என்று ஒரு குறை அவருக்கு உண்டு. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஷமீமா ஒருநாளும் தன் பின்னால் நடந்ததில்லை, கடைத்தெருவில் எப்போதும் நாலு அடி முன்னால்தான் போவாள், இங்கேதான் பின்னால் வருகிறாள் என்றும் சொல்வார்.

"தங்கச்சி, இப்புடி ஒவ்வொண்ணுக்கும் காத்துக் கெடந்தீன்னா நாப்பதாம் நாளு ஏழாவது லெவல்லதான் நிப்பே," என்றார். "பெட்டியக் குடு."

அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்தவை இரண்டு புளியங்கொட்டைகளும் இரண்டு ரப்பர் பேண்டும். மருந்துச் சீட்டுகளைக் கட்டிவரும் ரப்பர் பேண்டுகள். முதல் ஊரின் மதிலுக்கு முகத்தை வைத்து உருவங்களை நிறுத்தினார். திசைப் பொத்தானில் ஒரு கொட்டையை வைத்து அழுந்தக் கட்டினார். உருவங்கள் மதிலில் முட்டிக்கொண்டே நடந்தன. நகராவிட்டாலும் நடந்த கணக்குத்தான், எதிரி வரும். இன்னொரு கொட்டை வட்டப் பொத்தானில். நோயாளிக்கு வலிப்பு வந்தால் காத்திராமல் முடிவெடுப்பதற்காக வைத்த பொத்தான் அது. அதை அழுத்திப் பிடித்தால் முன்னால் இருப்பவர் கொடுத்த கட்டளை இருவருக்கும் சேர்ந்துவிடும்.

வௌவால் வந்தது. கோகிலவாணி அடித்தாள். சென்னியப்பன் அடித்தான். வௌவால் செத்தது. அடுத்தது வந்தது.

ரபீக் பெட்டியை நாற்காலியில் வைத்துவிட்டு, போய் ரெண்டு இட்லி சாப்பிட்டு வா என்றார். நடைகூடத்தில் கொட்டை கட்டாத பெட்டி ஒன்றுகூட இல்லை என்பதை அப்போதுதான் அவள் கவனித்தாள். எல்லாவற்றின்மேலும் ஒரு துண்டோ முந்தானையோ கிடந்தது. செவிலியர்கள் அந்தப் பக்கம் வரும்போது வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

அன்று சாயங்காலமே சென்னியப்பன் ஆறாம் நிலைக்கு வந்தான். கொட்டை கட்டிய மூன்றாம் நாள் எட்டு. ஆறாம் நாள் பத்து. மாமியாரிடம் போனில் அதைச் சொன்னபோது, அந்தப் பக்கம் அழுகையும் முருகா முருகா என்ற குரலும் கேட்டன. கோகிலவாணி இரண்டு மாதத்தில் முதல் தடவையாகத் தலைக்குக் குளித்தாள்.

முப்பத்தாறாம் நாள் காலை யாழினி நடைகூடத்துக்கு வந்து, அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். கையில் நீளமான ஒரு தாள். அதில் ஒரு கோடு முள்முள்ளாக மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, அவர் ஏழு நாளா தூங்கல."

கோகிலவாணி துண்டுக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்தாள். கொட்டைகளை அவிழ்க்கப் போனாள்.

"அது எங்களுக்கும் தெரியும்க்கா. இங்க எல்லாருக்கும் தெரியும். லெவல் ஏறினா எங்க அறிக்கைக்கும் நல்லது, அதான் கண்டுக்காம விட்டுட்டோம்." யாழினி தாளை மடித்தாள், விரித்தாள். "மத்தவங்க ராத்திரிக்காவது எடுத்துடுவாங்க. நீங்க எடுக்கவே இல்ல. பதினெட்டாயிரத்து நானூறு சண்டை நடந்திருக்கு."

"வௌவால்தானுங்களே அம்மிணி. அதுங்களால அவருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாங்க."

கோகிலவாணி யாழினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நமக்குத்தான்க்கா அது வௌவால்," என்றாள் யாழினி கடைசியில். "திரையில ஏதாவது படம் காட்டணுமேன்னு வச்சது. அவர் மூளை எதுக்கு ரொம்பப் பலமா எழுந்து நிக்குதோ, அதைத் தேடித்தான் இழை தொடும். லேசான விஷயத்துக்கெல்லாம் அந்த நிலைமையில மூளை எழாது. பயத்துக்குத்தான் எழும்."

"என்ன பயங்க?"

"அது ஆளுக்கு ஆள் மாறும். அவருக்கு என்னன்னு எங்களால பாக்க முடியாது. எழுந்து நிக்கிறது மட்டும்தான் தெரியும்." குரலைத் தாழ்த்தினாள். "கடைசியா நடந்ததாத்தான் இருக்கும்க்கா. பெரும்பாலும் எல்லாருக்கும் அதான்."

அந்த நேரத்தில் பக்கத்தில் தான் இருப்பது அவனுக்குத் தெரியுமா என்று கோகிலவாணி கேட்டாள். தெரியும், அது ஒன்றைத்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றாள் யாழினி.

விபத்து நடந்த அன்று, பெருந்துறை சாலையில் லாரி இடது பக்கத்துச் சந்திலிருந்து வந்தது. அவள் அவனுடைய பைக்கின் பின்னால் சேலையோடு ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள், கால் இரண்டும் இடது பக்கம். அவன் வண்டியை வலது பக்கம் ஒடித்திருந்தால் அவன் தப்பியிருப்பான். லாரியின் முகப்பு அவள் முழங்காலில் வந்து ஏறியிருக்கும். அவன் இடது பக்கம் ஒடித்தான், லாரி வந்த பக்கமே. அவளுக்கு மணிக்கட்டில் ஓர் எலும்பு விரிசல் விட்டது. லாரி வந்த பக்கமே திருப்பியது வண்டி ஓட்டியவரின் பிழை என்று போலீஸ்காரர் எழுதினார். கட்டுப்போடாத கையால் அவள் அதற்கு அடியில் கையெழுத்துப் போட்டாள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். பதறிப்போய்த் தப்பாகத் திருப்பிவிட்டான் என்று.

ஒவ்வொரு முறையும் அவன் முக்கால் நிமிஷம் யோசித்து, ஒரு கட்டம் நகர்ந்து, அவளுக்கு முன்னால் வந்து நின்றான். பிறகு அவள் பொத்தானில் கொட்டையைக் கட்டினாள். அதற்கப்புறம் லாரி வந்துகொண்டே இருந்தது. அவள் அவனை நகரவிடவில்லை.

அவள் கொட்டைகளை அவிழ்த்துவிட்டு, தான் வரைந்த கட்டத் தாளைப் பார்த்தபடி திரையில் சத்திரத்துக்கு நடந்தாள். வழியில் ஒரு வௌவால் வந்தது. 'ஓடு' கொடுத்துவிட்டு, எதையும் அழுத்தாமல் காத்திருந்தாள். முக்கால் நிமிஷம் அல்ல, ஒன்றரை நிமிஷம் ஆயிற்று. அவன் முன்னால் வந்து நின்றான். சத்திரத்தில் படுக்கவைத்தாள். உள்ளே பதினான்காம் படுக்கையின் கோடு மெல்ல மெல்லத் தணிந்ததாகச் செவிலி வந்து சொன்னாள்.

அன்று மத்தியானம் நடைகூடத்தில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அவளே சொன்னாள். யாரும் அவளைத் திட்டவில்லை. சிலர் கொட்டைகளை அவிழ்த்தார்கள். ஒரு பெண் தன் மகனின் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கழிவறைக்குள் போய் வெகுநேரம் இருந்தாள். சாயங்காலத்துக்குள் எல்லாரும் திரும்பக் கட்டிவிட்டார்கள். ரபீக் அவிழ்க்கவே இல்லை.

"எனக்கும் புரியுதும்மா," என்றார். "ஆனா அவ மூச்சு விடுறாளே. நான் அத நிறுத்தட்டுமா?"

மறுநாள் முழுக்கச் சென்னியப்பன் சத்திரத்தில் தூங்கினான். முப்பத்தெட்டாம் நாள் காலை எழுந்தான். பத்தாம் நிலை. இன்னும் மூன்று நாள் கொட்டை கட்டினால் பன்னிரண்டு வந்துவிடும். நீட்டிப்பு கிடைக்கும். அடுத்த நாற்பது நாளில் பதினாறு கேட்பார்கள்.

கோகிலவாணி யாழினியின் அறைக்குப் போனாள். இந்த முறை உட்காரவில்லை.

"நான் பக்கத்துல இருக்கறதாலதானுங்க அவரு முன்னால வந்து நிக்கறாரு. நான் இல்லீன்னா அவரு யாருக்கு முன்னால நிக்கோணும்?"

யாழினிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் எழுந்து வந்து கதவைச் சாத்தினாள். பிரிந்தால் திரும்பச் சேர முடியாது என்பதை மறுபடி சொன்னாள். தனியாக அவன் எதுவும் செய்யமாட்டான், இதுவரை எந்த நோயாளியும் தானாக ஓர் அடி எடுத்து வைத்ததில்லை, சத்திரத்திலேயே கிடப்பான், நிலை பத்திலேயே நிற்கும் என்றாள். நாற்பதாம் நாள் குழு உட்காரும்போது என்ன ஆகும் என்பதைச் சொல்லவில்லை.

"கெடக்கட்டுமுங்க. மூணு நாளு நிம்மதியாத் தூங்கட்டும். அப்புறம் நான் கையெழுத்துப் போட்டுக்கறேன்."

மாமியாருக்கு அவள் போன் செய்யவில்லை. உள்ளே போய் அவன் காலருகே நின்றாள். காதில் ஏதாவது சொல்லலாம் என்றுதான் போனாள். காது வேலை செய்யவில்லை என்று டாக்டர்கள் சொல்லியிருந்ததால் பாதத்தைத் தேய்த்துவிட்டாள். நகம் வளர்ந்திருந்தது. செவிலியிடம் நகவெட்டி வாங்கி, பத்து விரல் நகத்தையும் வெட்டி, துண்டுகளைக் காகிதத்தில் மடித்தாள். பிறகு நடைகூடத்துக்கு வந்து உட்கார்ந்து, உருவங்களைச் சத்திரத்துக்குள் கூட்டிப்போய், பட்டியலின் அடிக்கு வந்து 'பிரி'யை அழுத்தினாள். நிச்சயமா என்று பெட்டி ஒருமுறை கேட்டது. முன்னால் நின்ற உருவம் இரண்டு முறை மினுக்கி மறைந்தது.

அதன்பின் பெட்டியில் எந்தப் பொத்தானும் வேலை செய்யவில்லை. பார்க்க மட்டும் முடிந்தது. சத்திரத்துக் கட்டிலில் ஒற்றை உருவம் படுத்திருந்தது.

முப்பத்தொன்பதாம் நாள் காலை ஒன்பது மணிக்கு அது எழுந்தது. கட்டிலைச் சுற்றி ஒரு முறை நடந்தது. பக்கத்துக் கட்டிலருகே நின்றது. அறையின் நான்கு மூலைக்கும் போனது. கோகிலவாணி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். அது கதவுக்கு வந்து முக்கால் நிமிஷம் நின்றுவிட்டு வெளியே போனது.

அவள் ஓடிப்போய் யாழினியைக் கூட்டிவந்தாள். யாழினி திரையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னும் இரண்டு பொறியாளர்கள் வந்தார்கள். ஒரு டாக்டர் வந்தார். தானாக நடக்கிறார், தானாக முடிவெடுக்கிறார் என்று அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

உருவம் முதல் ஊரின் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றது. கிணற்றைச் சுற்றி வந்தது. கோகிலவாணி கொட்டை கட்டி நிறுத்தியிருந்த மதிலுக்குப் போய், அதன் ஓரமாகவே முழு நீளமும் நடந்தது. பிறகு ஊரைவிட்டு வெளியேறியது. அவள் தாளில் காடு வரைக்கும்தான் வரைந்திருந்தாள். அது காட்டைத் தாண்டியது.

வௌவால்கள் வந்தன. அது முன்னால் நிற்கவில்லை, முன்னால் நிற்க யாரும் இல்லை. 'சென்னியப்பன் அடித்தான்' என்று எழுத்து வந்தது. அடித்துவிட்டு மேலே நடந்தது. காட்டுக்கு அப்பால் வௌவாலைவிடப் பெரியவை வந்தன. அவற்றுக்குப் புள்ளி அதிகம். சாயங்காலம் பதினோராம் நிலை. அடுத்த சத்திரத்தைக் கண்டும் அது உள்ளே படுக்கவில்லை. கட்டில் கட்டிலாகப் பார்த்துவிட்டு வெளியே வந்தது.

"என்னைய மறுக்கா உள்ள வுட்டுருங்க அம்மிணி," என்றாள் கோகிலவாணி. "ஒரு நிமிஷம் போதும். நான் நல்லாத்தான் இருக்கேன்னு காமிச்சுட்டு வந்துடறேன்."

"முடியாதுக்கா."

"வேற எதையாவது கொண்டுபோயி நிறுத்துங்க. என்னையாட்டம்."

"நிறுத்தலாம். ஆனா அது நீங்க இல்லைன்னு அவருக்குத் தெரியும்." யாழினியின் கண் ஈரமாக இருந்தது. அந்த ஈரத்துக்குப் பின்னால் ஒரு மினுக்கமும் இருந்தது. அதை மறைக்க அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அவர் பொழைச்சிட்டாருக்கா. அத மட்டும் பாருங்க."

நாற்பதாம் நாள் மத்தியானம் இரண்டே காலுக்குப் பன்னிரண்டு வந்தது. குழு ஐந்து மணிக்குக் கூடிப் பத்து நிமிஷத்தில் எழுந்தது. நீட்டிப்புக் கடிதத்தில், இதுவரை கண்டிராத முன்னேற்றம் என்று எழுதியிருந்தது. ரபீக் கீழே கடைக்குப் போய் ஒரு கிலோ பாதுஷா வாங்கிவந்து நடைகூடம் முழுக்கக் கொடுத்தார். கோகிலவாணியின் கையிலும் ஒன்றை வைத்தார். அவள் அதைப் பிய்க்காமல் வைத்துக்கொண்டிருந்தாள். போனில் மாமியார், என் மருமகள்தான் என் மகனை எழுப்பிவிட்டாள் என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

பெட்டியை அணைத்துவிடச் சொல்லி அவள் ஒருமுறை கேட்டாள். அணைக்கலாம், அணைத்தால் நிலை நிற்கும், நிலை நின்றால் நாற்பது நாளில் திட்டம் நிற்கும் என்றார்கள். படிவம் மேஜையில்தான் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம் என்றும் சொன்னார்கள். மேஜை வரைக்கும் போய்விட்டு வந்தாள். இரண்டு முறை போனாள். அவன் அவளைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவளால் பேனாவைத் திறக்க முடியவில்லை.

ஒரு வாரம் கழித்து அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். ரபீக் எழுந்து போய், பஸ்ஸில் ஊர்ப்பேர்களைக் கூவுகிற குரலில் அதை எல்லாருக்கும் படித்துக் காட்டினார். பதினான்காம் படுக்கையில் கண்ட பலனை முன்னிட்டு, அடுத்த மாதம் முதல் எல்லா நோயாளிகளுக்கும் இருபதாம் நாளோடு துணை உருவம் நீக்கப்படும். விரும்புகிற குடும்பங்கள் இப்போதே நீக்கிக்கொள்ளலாம்.

அவர் திரும்பிவந்து உட்கார்ந்தார். ஷமீமாவுக்கு இந்த முறை முப்பத்தைந்து தேவை. இன்னும் பதினோரு நாள் இருந்தது. மதிலோரத்து வௌவால்களால் இப்போது அவளுக்குப் புள்ளியே ஏறுவதில்லை.

"அவரு ஒன்னையத் தேடுறாருன்னு எப்புடித் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"பாத்தாத் தெரியுமுங்க."

"நாளெல்லாமா?"

"நாளெல்லாமுங்க பாய். வேண்டாமுங்க. செஞ்சுபோடாதீங்க. அப்புறம் பாத்துக்கிட்டேதான் உக்காந்திருக்கோணும்."

ரபீக் பெட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொல்லத் தயங்குகிற ஒன்றைச் சொல்லப்போகிற முகம்.

"இல்ல தங்கச்சி, லெவலுக்காகக் கேக்கல. நான் பாட்டுக்குக் காலைல பஸ்ஸுக்குப் போவேன், ராத்திரி வருவேன். வந்தியான்னுகூட அவ கேட்டதில்ல. நானும் கேட்டதில்ல. அவளும் என்னையத் தேடுவாளான்னு ஒரு தடவ பாக்கணும்போல இருக்குது."

கோகிலவாணி அவர் கையைப் பிடித்தாள். அவர் மெதுவாக விடுவித்துக்கொண்டார். கொட்டைகளை அவிழ்த்து, ஷமீமாவைச் சத்திரத்துக்குக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்து, 'பிரி'யை அழுத்தினார். கொம்பு வைத்த உருவம் மினுக்கி மறைந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கே சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். பதினொன்றரைக்கு ஷமீமாவின் உருவம் எழுந்தது. காலியாக இருந்த பக்கத்துக் கட்டிலைப் பார்த்து நின்றது. ரபீக் திரைமேல் குனிந்தார். அது கதவு வரைக்கும் நடந்தது. வாசலில் நின்றது. அரை நிமிஷம், முக்கால் நிமிஷம், ஒரு நிமிஷம்.

பிறகு திரும்பி நடந்து தன் கட்டிலுக்கே போய்ப் படுத்துக்கொண்டது.

உள்ளேயிருந்து செவிலி வந்து, ஒன்பதாம் படுக்கையின் கோடு இவ்வளவு அமைதியாக ஓடி ஏழு மாதத்தில் தான் பார்த்ததில்லை என்றாள். ரபீக் நிமிரவில்லை.

"வாசல் வரைக்கும் வந்து பாத்தாள்ல?" என்றார்.

"பாத்தாங்க பாய்."

"வந்து பாத்தா."

மத்தியானம் ஆயிற்று, சாயங்காலம் ஆயிற்று. ஷமீமா எழவில்லை. ரபீக் சாப்பிடப் போகவில்லை. கோகிலவாணியின் பெட்டியில் சென்னியப்பன் இருபதாம் நிலையில், அவள் பேர் தெரியாத ஓர் ஊரில், ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான். அவள் அதை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, ரபீக்கின் தோளுக்கு மேலாக, சின்னத் திரையில் தூங்குகிற அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.